அத்தியாயம் 14: பொட்டு உட்காரும் இடம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டு வாங்க. பாதியில் எழுந்து ஓடினால் கதை கோபித்துக்கொள்ளும். போன வாரம் உங்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கால் வலித்திருக்கும். இந்த வாரம் உட்கார வைக்கிறேன். எங்கே உட்கார வைப்பது என்பதுதான் இந்த வாரத்துக் கதையே.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் மருமகளுக்கு எட்டு வாரம் முன்னதாகவே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பெயர் வைக்கவே எல்லோருக்கும் பயமாக இருந்ததால் 'பொட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது. நாற்பத்தொரு நாள் பொட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பால் குடிக்கக் கற்றாள். கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வந்து, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். மருமகள் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் வார்டு சிஸ்டர் ஒரு நிபந்தனை போட்டாள். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

நிபந்தனை இதுதான்.

"உங்க வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் நெடுஞ்சாலை. மடியில வச்சுக்கிட்டுப் போக நான் விட மாட்டேன். குழந்தை சீட்டு வண்டியில சரியா மாட்டியிருக்கணும். நானே வந்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடினா பொட்டு இங்கதான். நாளைக்கு ரெண்டு மணிக்கு டிஸ்சார்ஜ் கவுண்ட்டர் மூடிடும். அப்புறம் திங்கட்கிழமைதான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த சிஸ்டரைத் திட்டியிருப்பார்கள். மருமகளுக்கோ அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் மருமகளின் வேலையும் அதுதான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவள் அவள். கம்பியை ஆட்டாமல், பிரேக்கை இழுத்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டாள். கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டு நாற்காலியைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்று அவள் கணவன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

ஆனாலும் நாற்பத்தொரு நாள் அந்த வராந்தா பெஞ்சில் படுத்தவள் அவள். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கதவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இன்னும் இரண்டு நாள் என்றால் அவளுக்கு அது இரண்டு வருஷம்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வண்டி வந்தது. மாமனார் ஓட்டி வந்தார். முப்பத்தாறு வருஷம் வெளியூர் பஸ் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு 'ஸ்டியரிங்கு' என்றே பட்டப்பெயர். வீட்டு வண்டி அவருடையது. சாவி அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை.

பின்சீட்டில் இருந்து இறங்கினான் மகன், நம் மருமகளின் கணவன். வண்டிகளுக்கு சீட் தைப்பது அவன் தொழில். அந்த வட்டாரத்து வண்டிகளில் பாதி அவன் தைத்த மெத்தையில்தான் உட்கார்ந்து ஓடுகின்றன. அவனுக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரியாது.

"என்னங்க இவ்வளவு நேரம்?" என்றாள் மருமகள்.

"அப்பாவைக் கேளு. இன்னைக்கு ஓட்டின வேகத்துக்கு சைக்கிள்காரன் எல்லாம் எங்களுக்குக் கை காட்டிட்டு முந்திப் போனான்."

"பேத்தி வர்ற வண்டி. பதமாத்தான் ஓட்டணும்," என்று மாமனார் முன்கதவைத் திறந்து காட்டினார். "வாம்மா, வந்து பாரு. எல்லாம் முடிஞ்சது."

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், முன்னாலேயே, குழந்தை சீட்டு ஏறி உட்கார்ந்திருந்தது. பெல்ட்டும் போட்டாகிவிட்டது.

"ராணி மாதிரி என் பக்கத்துல வருவா."

மருமகள் குனிந்து உள்ளே பார்த்தாள். அந்தச் சீட்டில் குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி சாய்ந்து கிடக்கும். அப்படியென்றால் அதன் தலைப்பக்கம் முன்னால், டேஷ்போர்டை ஒட்டியல்லவா இருக்கிறது?

"மாமா, முன்னாடி வேண்டாம். பின்னாடி மாத்திடலாம்."

"ஏன்? முன்னாடி என்ன முள்ளா இருக்கு?"

"ஏர்பேக் இருக்கு மாமா. பெரியவங்களைக் காப்பாத்துற பைதான். ஆனா எதுலயாவது இடிச்சா அது வெடிச்சு வந்து இவ சீட்டோட முதுகுல அறையும். அங்கதான் இவ தலை இருக்கு."

"இடிச்சாத்தானே? யாரு ஓட்டறது? முப்பத்தாறு வருஷம்..."

"நீங்க இடிக்க மாட்டீங்க மாமா. எதிர்ல வர்றவன் இடிப்பானே. அவனுக்கு உங்க முப்பத்தாறு வருஷம் தெரியுமா?"

மகன் களுக்கென்று சிரித்துவிட்டான். அப்பா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான்.

"பின்னாடி போட்டா நான் எப்படிப் பார்க்கறது?" மாமனார் விடவில்லை. "பக்கத்துல இருந்தா ஒரு கண்ணு அவ மேல இருக்கும்."

"அந்த ஒரு கண்ணும் எனக்கு ரோட்டு மேல வேணும் மாமா."

"பஸ்ஸுல ஐம்பத்தாறு பேர் என் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து வந்தாங்க. ஒருத்தர்கூட என்னை இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை."

"அவங்களுக்கு வாய் இருந்துச்சு, கேக்காம விட்டாங்க. இவளுக்கு வாய் இல்லை. நான்தான் கேக்கணும்."

அவர் 'என்னமோ பண்ணுங்க' என்று கையை உதறிவிட்டுப் போய், வண்டியின் மூக்கில் சாய்ந்து நின்றுகொண்டார். மருமகள் பெல்ட்டை அவிழ்த்து, சீட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தாள்.

"நில்லு, நில்லு. கதவை நான்தான் திறப்பேன்," என்று கணவன் குறுக்கே வந்தான். "கண்ணை மூடு."

"மணி பதினொன்னேகால்."

"அரை நிமிஷம் மூடு."

மூடினாள். அவன் கதவைத் திறந்ததும் கண்ணைத் திறந்தாள்.

பழைய வண்டியின் தேய்ந்துபோன பின்சீட்டைக் காணோம். தேன் நிறத்தில் வழவழவென்று புது உறை. இரட்டைத் தையல், ஒரு சுருக்கம் இல்லை. உட்காரும் மெத்தையும் முதுகும் சேருகிற இடத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, சிவப்பு நூலில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள்.

"எண்ணிப் பாரு," என்றான்.

எண்ண வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஆனாலும் எண்ணினாள். நாற்பத்தொன்று.

"நீ இங்க பெஞ்சில கிடக்க. நான் அங்க சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? கடையை மூடிட்டு வந்து தினம் ஒண்ணு தைச்சேன். அடியில ரெண்டு அங்குலம் ஃபோம். அமைச்சர் வண்டிக்குப் போடற தரம்."

அவள் அவன் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். ஊசி குத்திக் குத்தி விரல் நுனி சொரசொரப்பாக இருந்தது.

பிறகு சீட்டைத் தூக்கி நடுவில் வைத்தாள். நடு இடம்தான் இரண்டு பக்கக் கதவுக்கும் தூரம் என்று சிஸ்டர் கொடுத்த தாளில் படித்திருந்தாள். ஆனால் இந்த வண்டியில் நடு இடம் ஒரு மேடு. இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை. குழந்தை சீட்டு புது மெத்தையில் ஒரு பக்கமாக அமுங்கி, தூங்கி விழுகிறவன் தலைபோலச் சாய்ந்தது.

ஓரத்துக்கு மாற்றினாள். முழங்காலை அதன் மேல் ஊன்றி பெல்ட்டை இழுத்தாள். கணவனும் சேர்ந்து இழுத்தான். பெல்ட் இறுகியது. பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. இன்னும் இறுக்கினார்கள். அப்போதும் ஆடியது. ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது கணக்கு. இது ஒரு சாண் அசைந்தது.

பன்னிரண்டு மணிக்கு சிஸ்டர் இறங்கி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"இது சீட்டா, தண்ணிப் படுக்கையா?"

"முதல் தர ஃபோம், சிஸ்டர்," என்றான் கணவன். அவன் குரலில் கொஞ்சம் ரோஷம்.

"அதுதான் சார் தொல்லை. நீங்க பிரேக் போட்ட உடனே ஃபோம் அமுங்கும். அமுங்கினா பெல்ட் லூஸாயிடும். அப்புறம் கட்டினதும் ஒண்ணுதான், கட்டாததும் ஒண்ணுதான்." அவள் மருமகளைப் பார்த்தாள். "நான் சொல்லணுமா உங்களுக்கு?"

"வேண்டாம் சிஸ்டர். எனக்குத் தெரியுது."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

மருமகள் சீட்டை இறக்கிவிட்டு, மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே விரலை நுழைத்துத் தடவினாள். இந்த ஓரம், அந்த ஓரம். மறுபடி இந்த ஓரம்.

"ஏங்க, இங்க ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு இரும்பு வளையம் இருந்துச்சே? வண்டிச் சட்டத்தோட சேர்ந்தது. இந்தச் சீட்டுல இருக்கற கொக்கி அதுலதான் மாட்டணும்."

கணவன் முகம் மாறியது.

"அந்த வளையமா?"

"ஆமா."

"அது துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. அதனால..."

"அதனால?"

"மூடித் தைச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எங்க மூடினேன்னு கண்டுபிடி பார்க்கலாம். முடியாது," என்றான்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வண்டி மூக்கில் சாய்ந்திருந்த மாமனாரும் சிரித்தார். குழந்தைக்காகவே பார்த்துப் பார்த்துத் தைத்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வளையத்தையே அழகாகப் புதைத்து வைத்திருக்கிறான். இவனைத் தவிர வேறு யாருக்கு இது வரும்? பிறகு சிரிப்பு அடங்கியது. மூன்று பேரும் அந்தச் சிவப்புப் பொட்டு வரிசையைப் பார்த்தார்கள். வளையங்கள் சரியாக அந்த வரிசைக்கு அடியில்தான் இருந்தன.

"முன்னாடி வச்சா பத்து நிமிஷத்துல கிளம்பலாம்," என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

கணவன் தடுமாறினான். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் முன்னாடி வச்சா என்ன? அப்பாவும் மெதுவாத்தான் ஓட்டறார். வீட்டுக்குப் போய் நான் வேற மாதிரி..."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்னு சொல்ற கட்டட முதலாளிங்களை எனக்கு வாரத்துக்கு மூணு பேர் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. "நான் அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. என் பொண்ணுக்கு மட்டும் போடுவேனா? முன்னாடியும் வேண்டாம், ஆடற சீட்டும் வேண்டாம். ரெண்டு மணி தாண்டினா தாண்டட்டும். திங்கட்கிழமை வரைக்கும் அந்த பெஞ்சிலேயே கிடக்கறேன்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அந்த பெஞ்சு அவளுக்கு என்ன என்று கணவனுக்குத் தெரியும்.

அவன் போய் டிக்கியைத் திறந்தான். கருவிப் பெட்டியை எடுத்து வந்தான். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைத் தேடி எடுத்தான்.

"நான் பிரிக்கட்டுமா?" என்றாள்.

"நீ பிரிச்சா துணி கிழியும். தள்ளு."

மண்டியிட்டு உட்கார்ந்தான். முதல் பொட்டுக்கு அடியில் கத்தி முனையை விட்டு ஒரு சுண்டு சுண்டினான். சிவப்பு நூல் அவிழ்ந்து தொங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. வேகமாகச் செய்தான், ஆனால் ஒரு நூலைக்கூட இழுத்து அறுக்கவில்லை.

பதினைந்தாவது பொட்டில் கை நின்றது.

"அன்னைக்குத்தான் அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு," என்றான். "தையல் கோணலா இருக்கு பாரு."

"இருந்துட்டுப் போகட்டுமே, அது ஒண்ணு மட்டும்?"

"வளையம் அதுக்கு அடியிலதான் இருக்கு." கத்தியை நுழைத்தான். "ஆளே வர்றா. நூல் எதுக்கு?"

மெத்தை உறை வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து ஃபோமை இரண்டு பாளமாக உருவி, பின்கண்ணாடியோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தான். உறையைப் பழைய மெத்தையோடு இழுத்து ஒட்டி, ஓரத்தில் நாலு முடிச்சுப் போட்டான். இரண்டு ஓரத்து இரும்பு வளையங்களும் வெளியே வந்து பளிச்சென்று நின்றன.

"எந்தப் பக்கம்?" என்றான்.

அவள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஓட்டுநர் பக்கம் என்றால், குழந்தையை இறக்கும்போது வண்டிகள் போகிற தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தவிரவும் மாமனார் நெட்டை ஆள். அவர் இருக்கை எப்போதும் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் இருக்கும்.

"இந்தப் பக்கம். நடைபாதைப் பக்கம். முன்சீட்டை முன்னாடி தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல தள்ளினா முன்னாடி உட்கார்றவன் முழங்கால் மூக்குல இடிக்கும்."

"உட்காரப் போறது நீங்கதானே? இடிக்கட்டும்."

சீட்டை வைத்து அழுத்தினாள். டக் என்றது. மறுபக்கமும் டக் என்றது. வளையத்தைக் கொக்கி கவ்விக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து, லிஃப்ட் கதவை ஆட்டுகிற மாதிரி ஆட்டினாள். வண்டிதான் ஆடியது. சீட்டு ஆடவில்லை.

ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்கு சிஸ்டர் மறுபடி வந்தாள். ஆட்டினாள். இன்னொரு முறை ஆட்டினாள். பேனாவை எடுத்துக் காரின் கூரை மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"வாங்க சார், கவுண்ட்டருக்கு. நீங்க காகிதத்தை வாங்குங்க, நான் பொட்டுவைக் கிளப்பறேன்," என்று கணவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இத்தனை தூரம் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன் கண்ணுகளா.

மாமனார் வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முகம் இன்னும் தெளியவில்லை. மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. அவரும் நாற்பத்தொரு நாள் தனியாகச் சமைத்துச் சாப்பாடு அனுப்பியவர்தானே. பின்சீட்டில் ஏறி, சமாதானமாகக் கேட்டாள்.

"மாமா, குழந்தை சீட்டு உங்களுக்குக் கண்ணாடியில மறைக்குதா? பின்னாடி ரோடு தெரியுதா?"

அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். லேசாகத் திருப்பினார். தட்டிச் சரிசெய்தார்.

"தெரியுதும்மா. ரோடு முழுக்கப் பளிச்சுன்னு தெரியுது. எவனும் வரலை."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு, நெஞ்சுயரத்துக்கு, கணவன் நிமிர்த்தி வைத்த ஃபோம் பாளங்கள் நின்றன. ஒரு கொசு போகக்கூட இடைவெளி இல்லை.

சத்தமில்லாமல் இறங்கினாள். முன்பக்கம் வந்து, தள்ளி வைத்த இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா மாமா?"

"எது?"

"பின்னாடி ஃபோம் அடைச்சு வச்சிருக்கு. ரோடு தெரியுதுன்னு சொன்னீங்க."

அவர் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தார். எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்து," என்றார். "முதல்ல கண்ணாடிதான் அழுக்குன்னு நினைச்சேன். தினம் துடைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அழுக்கு கண்ணாடியில இல்லைன்னு. கிட்டத்துல எல்லாம் நல்லா தெரியுது. தூரம்தான் பால் ஊத்தின மாதிரி."

"காலையில எப்படி வந்தீங்க?"

"மனப்பாடமான ரோடு. எந்த இடத்துல பள்ளம், எந்த இடத்துல வளைவு எல்லாம் தெரியும்."

"எதிர்ல வர்றவன் மனப்பாடத்துல இருப்பானா மாமா?"

அவர் மடியிலிருந்த கைகளைப் பார்த்தார்.

"அதனாலதான் முன்னாடி வைக்கணும்னு நின்னீங்களா?"

"பின்னாடி இருந்தா எனக்கு அவ தெரியவே மாட்டாம்மா. பக்கத்துல இருந்தா கையால தொட்டாவது..." அந்த மனிதர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் அழவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஸ்டியரிங்குன்னு பேர் வச்சாங்க. அதை விட்டா நான் என்ன?"

மருமகளுக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஓரமாகத் தள்ளினாள். இது அதற்கான நேரம் இல்லை. கையை நீட்டினாள்.

"சாவி."

"என்ன?"

"ஆபீஸ் வேனை ஏழு வருஷமா ஓட்டறேன் மாமா. சாவியைக் கொடுங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். இத்தனை கிட்டத்தில் அது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கும். சாவியை உருவினார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு வைத்தார்.

"அவன்கிட்ட சொல்லாதே."

"வீடு போய்ச் சேர்ற வரைக்கும் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. கண்ணுக்கு வைத்தியம் இருக்கு மாமா. வைத்தியம் பார்க்கிற வரைக்கும் இந்தச் சாவி என்கிட்டதான்."

"நீ ரொம்பக் கறார்ம்மா."

"ஆமா."

ஒன்றரை மணிக்குப் பொட்டு வெளியே வந்தாள். வெள்ளைத் துணிக்குள் ஒரு சின்ன முகம், வெயிலுக்கு மூக்கைச் சுருக்கியது. வார்டு வாசலில் வாங்கிய குழந்தையை மருமகள் எல்லாக் கதவுகளையும் தாண்டி வண்டி வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுவந்தாள். கிடத்தினாள். போர்வையை எடுத்துவிட்டு முதலில் பட்டையைப் பூட்டினாள். தோள் பட்டையைக் கிள்ளிப் பார்த்தாள். விரலுக்குள் பட்டை மடங்கவில்லை, தொய்வு இல்லை. சரி. அப்புறம்தான் மேலே போர்வை.

கணவன் ஃபோம் பாளங்களைத் தூக்கிப்போய், ஆஸ்பத்திரிக் காவலாளி நாற்காலிக்கு மெத்தையாகக் கொடுத்துவிட்டு வந்தான். வந்தவன் வாயைப் பிளந்தான்.

"நீ ஏன் அங்க உட்கார்ந்திருக்க? அப்பா ஏன் பின்னாடி? அப்பா, சாவி கொடுத்துட்டீங்களா? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"பேத்தி பக்கத்துல உட்காரக் கூடாதாடா நான்?" என்றார் அவர். அது பொய்யும் இல்லை.

"எனக்கு இந்த முன்சீட்டா?" அவன் உள்ளே மடங்கி ஏறினான். முழங்கால் டேஷ்போர்டில் முட்டியது. "இதுல நான் மனுஷன் மாதிரி இறங்குவேனா, மடிச்ச பாய் மாதிரி இறங்குவேனா?"

"மூணு பேரும் பெல்ட் போட்டாச்சா?" என்றாள் மருமகள். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தாள். வண்டி நகர்ந்தது.

வண்டி நெடுஞ்சாலை ஏறியது. பிறகு பின்னாலிருந்து மாமனாரின் குரல் மெதுவாக வர ஆரம்பித்தது. அவர் பொட்டுவுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தார்.

"இவ காதுக்குப் பின்னாடி ஒரு மச்சம் இருக்கும்மா. எள்ளு மாதிரி. யாராவது பார்த்தீங்களா?"

"இல்லையே மாமா."

"நாற்பத்தொரு நாளா என்ன பார்த்தீங்க? புருவம் எங்க அம்மா புருவம். தூக்கத்துல சிரிக்கறா. இதோ, இப்பக்கூட."

மருமகளால் திரும்பிப் பார்க்க முடியாது. கண்ணை ரோட்டில் வைத்தபடி அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைத்தது. பிரேக்கை அழுத்தினாள். முன்சீட்டில் கணவன் ஒரு குலுங்கு குலுங்கினான்.

"மாமா?"

"அசையலைம்மா. பொட்டு அசையவே இல்லை. தூங்கறா."

அவள் மறுபடி வேகம் கூட்டினாள்.

வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது மாமனாரின் போன் அடித்தது. அவர் பொட்டுவின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே அதை எடுத்து, "யாருடா இது?" என்று முன்னால் நீட்டினார்.

"பள்ளிக்கூட ஆபீஸ்னு வருதுப்பா," என்று மகன், அவர் வேண்டாம் என்பதற்குள், ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"ஐயா, வணக்கம்," என்றது ஒரு பெண் குரல். "வேன் தயாரா இருக்கு. திங்கட்கிழமை காலையில ஆறரைக்கு வந்து சாவி வாங்கிக்கோங்க. இருபத்திரண்டு பிள்ளைங்க. உங்க முப்பத்தாறு வருஷ அனுபவத்தைச் சொன்னதும் பெற்றோர் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்."

"அப்பா! வேன் வேலையா?" மகன் மடிந்த முழங்காலோடு திரும்ப முயன்றான். "சொல்லவே இல்லையே! அடேங்கப்பா!"

பின்னால் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருமகள் கண்ணாடியில் பார்த்தாள். மாமனார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூரத்தில் அவள் முகம் அவருக்குத் தெரிந்ததோ, தெரியவில்லையோ. வீடு போய்ச் சேரும் வரை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது அவள்தான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

மருமகள் இண்டிகேட்டரைப் போட்டாள். வேகத்தைக் குறைத்து, ரோட்டோரத்தில் அகலமான ஒரு இடம் பார்த்து வண்டியை ஒதுக்கினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இன்ஜினை அணைத்து, சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க மாமா," என்றாள். "நாங்க காத்திருக்கோம். அவசரம் ஒண்ணும் இல்லை. பொட்டு தூங்கறா."

அவர்கள் அங்கேயே இருக்கட்டும் கண்ணுகளா. வண்டி ஓரமாகத்தான் நிற்கிறது, பயமில்லை. உங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிற வண்டியெல்லாம் கிளம்பியபடியே பத்திரமாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டுப் பொடிசுகள் இறுகக் கட்டிய பட்டைக்குள் வாய் திறந்து தூங்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு குறை வந்தால், ஒளிக்காமல் சொல்ல ஒரு காது பக்கத்திலேயே கிடைக்கட்டும். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க.